பின் கதவுச் சாவி

ஞாயிற்றுக்கிழமை, காலை

என் அருமை ரேடியோவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் என்று படுக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் பொழுது விடிந்தால் என் நினைப்பு. கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசப் பயமாக இருக்கிறதடி எனக்கு. நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், பிறந்ததிலிருந்து வாய் மூடாத பிள்ளை, சும்மாவா உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தோம். அதோடு நான் பேசுவதில் எதை எடுத்துக்கொள்வாய் எதை விட்டுவிடுவாய் என்றும் தெரியவில்லை. கடிதத்தை வெட்ட வேண்டுமென்றால் கத்தரிக்கோல் வேண்டும், வெட்டினால் ஓட்டை தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்துப் பதறாதே. கொஞ்சம் கோபம் உண்டுதான், இல்லை என்று சொன்னால் பொய்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று, இப்போது புதுக் குழாய் ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலை ஒட்டிப் பக்கத்து மாடிக்காரர்கள் ஏசி பெட்டியை வைத்துவிட்டார்கள், குளிர் அவர்களுக்கு, சூட்டுக் காற்று நமக்கு. அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுவார் அல்லவா, இந்தப் பத்து நாளாக டிவி பக்கமே போவதில்லை. பாத்திரம் தேய்க்கிறார், நான் கேட்காமலே துணி மடிக்கிறார், தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுகிறார். காரணத்தை உன்னிடம் போனில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எங்கள் சட்டைக் கம்பெனியில் புகை வந்த அன்று நடந்ததைப் பற்றி நீ செய்த ஏழு நிமிஷச் செய்தியில் என் குரலை யாருக்கும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தாய். மாற்றித்தான் இருந்தாய், சளி பிடித்த எருமை பேசுகிற மாதிரி இருந்தது, எனக்கே நான் யாரென்று தெரியவில்லை. ஆனால் உங்கள் கல்லூரி வானொலியோடு நிற்காமல் அது மாணவர் போட்டியில் முதல் பரிசு வாங்கி, பெரிய சேனல்காரர்கள் அதை எடுத்து ஊரெல்லாம் கேட்கப் போட்டார்களே, அன்றைக்கு உங்க அப்பா டிப்போவில் இருந்த அத்தனை டிரைவர் கண்டக்டரையும் கூப்பிட்டு, இது என் பொண்ணு செஞ்ச நியூஸ்டா, உள்ள பேசுறது யாரு தெரியுமா, என் வீட்டுக்காரி என்று மார் தட்டியிருக்கிறார். எங்கள் மேனேஜரின் மச்சான் அதே டிப்போவில் டைம் கீப்பர். மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். நீ அப்பாவைத் திட்டாதே, பாவம், மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை, அவ்வளவுதான். நான் திட்டியதே அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

இப்போது உன் செய்தியைப் பற்றிப் பேச வேண்டும். நீ இந்தப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் விடுமுறைக்கு வந்தபோது என்னை டிவி முன்னால் உட்கார வைத்து ஊடக ஆய்வு என்றால் என்ன என்று பாடம் எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா. யார் பேசுறாங்கன்னு மட்டும் பாக்காதம்மா, யாரைப் பேச விடலன்னு பாரு, எந்த இடத்துல வெட்டியிருக்காங்கன்னு பாரு என்றாய். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கி வழிந்துவிட்டது, உன்னைத் திட்டினேன், ஆனால் பாடம் மனசில் நின்றுவிட்டது. உன் செய்தியைப் பதினான்கு தடவை கேட்டேன். வகுப்புக்கு ஒரு பயிற்சிம்மா, பதிவு பண்ணிக்கவா என்று நீ போனில் கேட்டு நான் சரி என்று சொன்ன அந்த நாளில் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது துணி பிழியும்போது போடுகிற ஆட்டம்தான் உனக்குத் தெரியுமே, தரையே அதிரும். செய்தியில் நான், கதவு பூட்டியிருந்துச்சு, எல்லாரும் தட்டுறோம் கத்துறோம் என்கிறேன், பின்னால் மெஷின் கடகடவென்று ஆடுகிறது. அடுத்த வார்த்தையில், வெளியிலிருந்தும் யாரும் வந்து திறக்கல என்கிறேன், மெஷின் சத்தத்தையே காணோம். ஒரு மூச்சு விடுவதற்குள் பிழிகிற மெஷின் நிற்குமா? பத்தொன்பது வருஷமாகச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இங்கே தையல் விட்டிருக்கிறது, இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பொறுக்கிப் போடுகிற வேலையடி என் வேலை. உன் பேராசிரியரும் பரிசு கொடுத்தவர்களும் பார்க்காத ஒட்டு என் காதில் பட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சாவி என்கிட்டதான் இருந்துச்சு, தினமும் அந்தக் கதவைப் பூட்டுறவளே நான்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அழுகையை வைத்துக்கொண்டாய், சொன்னதை எடுத்துவிட்டாய்.

அன்றைக்குப் போனில் பாதிப் பேச்சு அழுகையில் போய்விட்டது, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன், இதில் ஒரு வரியும் விடாமல் படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பின் கதவு வழியாகச் சட்டைகள் காணாமல் போகின்றன என்று மேனேஜர் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். நூற்று இருபது பேரில் தேடிப் பிடித்துச் சாவியை என்னிடம் கொடுத்தார். சாவியில் ஒரு அட்டையைக் கட்டி, பின் கதவு, வேலை நேரம் முழுவதும் பூட்டியிருக்க வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எனக்கு வந்த பெருமையைக் கேட்காதே. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பேன் அல்லவா, அதே நாடாவில் சாவியையும் கோத்துக்கொண்டேன். அக்கா, அஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு வரோம்க்கா என்று லைனில் தைக்கிற பிள்ளைகள் கெஞ்சும்போது, ஒரு அவசரமும் இல்ல, கையில இருக்கிற பீஸை முடிங்கடி என்று அதட்டினவள் நான்தான். மேனேஜர் சொல்லிக்கொடுத்து அதட்டவில்லை, நானாகத்தான் அதட்டினேன். உனக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த நாள் காலையில் சிட்டு என்னைக் கிண்டல் செய்தாள். உனக்கு அவளைத் தெரியாது, எங்கள் லைனில் காலர் தைக்கிற பெண், குருவி மாதிரி தத்தித் தத்தி நடப்பதால் எல்லோருக்கும் சிட்டு, அப்போது அவளுக்கு ஆறு மாசம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வாசனை தாங்காது, அக்கா, உங்க நாடா நாத்தம் என் மெஷின் வரைக்கும் வருது என்று மூக்கைப் பிடித்தாள். சாப்பாட்டு வேளையில் நாடாவைக் கழற்றி, கத்தரியும் சாவியுமாகவே சோப்புப் போட்டு அலசி, கை கழுவுமிடத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். நல்ல வெயில், முக்கால் மணியில் காய்ந்துவிடும், அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்தக் கழுவுமிடம் அயர்ன் பகுதியைத் தாண்டி அந்தப் பக்கம். நான் வந்து மேஜையில் உட்கார்ந்து அரை மணி ஆகவில்லை, அயர்ன் பகுதியில் ஒயர் கருகிப் புகை கிளம்பிவிட்டது. முன் வாசலுக்கும் அதே வழிதான். அத்தனை பேரும் பின் கதவுக்கு ஓடினோம். அக்கா சாவி, அக்கா சாவி என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள், நான் கழுத்தைத் தடவுகிறேன், ஒன்றும் இல்லை. மறுபடி தடவுகிறேன், ஒன்றும் இல்லை. கரண்ட் வேலை பார்க்கிறவர் மெயினை அணைத்துக் கண்ணாடிகளை உடைத்துப் புகை அடங்க எட்டு நிமிஷம் ஆயிற்றாம். அந்த எட்டு நிமிஷமும் என் கை கழுத்தை விட்டு இறங்கவில்லை. நெரிசலில் சிட்டு விழுந்து மணிக்கட்டு உடைந்துபோனது, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. இதையெல்லாம் விடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம்கூட இதுவரை சொல்லவில்லை. மறுநாள் மேனேஜர் வழக்கம்போல பூட்டிடுங்க என்றார், நான் பூட்டினேன். உன் செய்தி வருகிற வரைக்கும் தினமும் பூட்டினேன்.

செய்தி வந்த மூன்றாம் நாள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். கொண்டி இருந்த இடத்தைத் தேய்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. இப்போது போய்ப் பார்த்தால் பின் கதவு கயிற்றால் இழுத்துக் கட்டிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆவென்று திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் போகிறார்கள் வருகிறார்கள். என்னை மட்டும் மேஜையோடு தூக்கி மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போட்டிருக்கிறார்கள். நான் எழுந்தால் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே ஒரு ஆள். லைனில் இருக்கிறவர்கள் என்னைப் பார்க்கலாம், நான் அவர்களைப் பார்க்கலாம், பேசத்தான் முடியாது. மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அந்தக் கண்ணாடிக்குள் ஒரு வாய் விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சாயங்காலம் கேட்டில் என் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறதடி. வேலையை விட்டுவிடலாம் என்றால், அதான் ஓடிட்டாளே என்று மொத்தப் பழியையும் என் தலையில் கட்டிவிடுவார்கள், அதனால் விடவும் முடியவில்லை.

நாளை இல்லை, அதற்கடுத்த வாரத் திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், கூடவே அந்தச் சேனலின் கேமராவும் வருகிறதாம். முதலாளியே வந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினார். கதவை ஒரு நாளும் பூட்டினதில்ல, படிக்கிற பிள்ளை ஆர்வக்கோளாறுல நான் சொன்னதைத் திரிச்சுப் போட்டுருச்சுன்னு கேமரா முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லிடுங்கம்மா, அதோட முடிஞ்சுது என்றார். அவர் போனதும் மேனேஜர் மீதியைச் சொன்னார். சொல்ல மாட்டீங்கன்னா, பூட்டினது நீங்க, பிள்ளைங்களைக் காத்து வாங்கக்கூட விடாதது நீங்க, கம்பெனிக்குத் தெரியாம நீங்களாதான் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுப்போம், பாத்துக்குங்க என்றார். அப்புறம் குரலை இறக்கி, அந்தச் சாவியைக் கொடுத்துடுங்க என்றார். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். நம்பவில்லை. சாவி நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் இருந்தது.

சிட்டுவும் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாச வயிறு, ஒரு கையில் மாவுக்கட்டு, மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் கொண்டுவரப் போகிற சாக்கில் சமையலறையில் நின்றேன். அவள் உள்ளேயே வந்துவிட்டாள். அக்கா, கதவு பூட்டியிருந்துச்சுன்னு கேமரா முன்னாடி நீங்கதான் சொல்லணும், நீங்க சொன்னாத்தான் எடுபடும், ஆனா சாவி உங்ககிட்ட இருந்ததை மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா அதையே புடிச்சுக்கிட்டு அவங்க தப்பிச்சுருவாங்க என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, உங்க நாடாவைக் கிண்டல் பண்ணின என் வாயைத்தான் தைக்கணும் என்றாள். எனக்கு அவள் என்னை இரண்டு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நீயோ போனில், நீ வாயே திறக்காதம்மா, சொன்னவங்க யாருன்னு வெளிய விடாம காப்பாத்துறதுதான் எங்க தொழில் தர்மம், நான் பாத்துக்கறேன் என்கிறாய். ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றதை முழுங்கு என்கிறீர்கள். என்னால் முழுங்க முடியவில்லை.

நீ ஏன் வெட்டினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வெட்டினாய், அது உன் பாசம். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள். பூட்டினது முதலாளி, மாட்டிக்கொண்டது அம்மா என்றால் ஏழு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், கேட்கிறவர்களுக்கும் உடனே அழுகை வரும். பூட்டின கையும் அம்மா கைதான் என்றால் சொல்வது கஷ்டம், பரிசு வந்திருக்குமோ என்னவோ. உன்னை மட்டும் குறை சொல்லவில்லை, பதினான்கு தடவை கேட்டதில் முதல் ஐந்தாறு தடவை எனக்கும் அந்த ஒட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. அட, நான் பாவப்பட்டவள்தான் போலிருக்கிறது என்று நானே நம்பினேன். அப்புறம் என்னால் முடியவில்லை. குறை தெரிந்தும் நல்ல பீஸ் என்று முத்திரை குத்தி நான் இதுவரை ஒன்றைக்கூட அனுப்பினதில்லை. இதையும் அனுப்ப மாட்டேன். அதுவும் போக, எப்படியும் அவர்கள் அந்தச் சாவிக் கதையை வெளியே எடுப்பார்கள், நீ வெட்டினதும் தெரிந்துவிடும், அப்புறம் கதவு பூட்டியிருந்ததும் பொய், புகையும் பொய், எல்லாமே நீ இட்டுக்கட்டியது என்றாகிவிடும். சிட்டுவின் கை மட்டும் உடைந்தது உடைந்ததுதான்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை கேமரா முன்னால் நானே சொல்லப் போகிறேன், கதவு பூட்டியிருந்தது, பூட்டியது நான், பூட்டச் சொன்னது அவர்கள், புகை வந்த மறுநாளும் சொன்னார்கள், மறுநாளும் பூட்டினேன் என்று. வேலை போகும், வழக்கு வரலாம். பயமாக இல்லையா என்று கேட்காதே, இருக்கத்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, நான் அன்னிக்கு லீவு போட்டுட்டு கேட்டுக்கு வெளிய நிக்கிறேன், நீ பேசிட்டு நேரா என்கிட்ட வா, இந்தத் தடவை டிப்போல ஒரு ஈ காக்காகிட்டகூட வாயைத் திறக்க மாட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பெற்றவள் கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ அந்தப் பதிவை வெட்டாமல் போட வேண்டும். முழுசாக, வாஷிங் மெஷின் சத்தத்தோடு. வெட்டினது நான்தான் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போடு. எருமைக் குரல் வேண்டாம், என் குரலிலேயே கேட்கட்டும். பரிசைத் திரும்பக் கேட்பார்கள், படிப்பு முடிந்ததும் அந்தச் சேனலில் தருகிறோம் என்ற வேலையும் போய்விடலாம், உன் பேராசிரியர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வரும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். எனக்கு நீ கொடுத்த பாடத்தை நான் படித்துவிட்டேன், இனி நீ படி. அழுகை வந்தால் அழுதுவிட்டுச் செய், ஆனால் செய். கோபத்தில் இரண்டு நாள் எனக்குப் போன் பண்ணாமல் இருந்தாலும் பரவாயில்லை, சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, ஈரத்தோடு அந்த ஸ்டூடியோ குளிரில் போய் உட்காராதே. நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயந்து ஒரு வார்த்தையைக்கூட மறைக்க வேண்டிய நிலை வராமல் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். கூரியர் கடைக்காரர் வியாழக்கிழமை கையில் கிடைத்துவிடும் என்றார், உறையைப் பார்த்துப் பிரி, உள்ளே கனமாக ஒன்று இருக்கும். சாவிதான். மேனேஜர் எழுதின அட்டையும் அதிலேயே இருக்கிறது, அந்த எழுத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள், கேட்கிறவர்களுக்குக் காட்டு. நீ எடுத்துவிட்ட இடத்தில் இருந்தது இதுதான். நாடாவோடு சேர்த்தே அனுப்புகிறேன், அந்த நாளுக்கு அப்புறம் நான் அதைத் துவைக்கவே இல்லை, நாற்றம் அடிக்கும். நீயும் துவைத்துவிடாதே.

இப்படிக்கு,
பின் கதவைப் பூட்டி வந்த
உன் அம்மா